வீணை பாலசந்தர்

முன்னுரை

ஓரூரில் ஒரு கொலை நிகழ்ந்தது என்று கேள்வியுற்றவுடன் யாவர் நாவிலும் முதற்கண் எழும் வினா, கொன்றவன் யாவன் என்பதே. அதற்கு விடை கிடைத்ததும் பெரும்பாலோர் மனம் அமைந்துவிடுகிறது. ஆயின், அவன் ஏன் கொன்றான்? கண்டவர் கண்டதைக் கண்டவாறே உரைத்தனரா? கை நீட்டிக் கொன்றவனையன்றி அப்பழியிற் பங்குடையார் பிறரும் உளரோ? இவை அதன் பின்னர் எழ வேண்டிய வினாக்கள். இவற்றை எழுப்பாத மருமக்கதை ஒருநாட் பொழுதுபோக்காய் மறைந்தொழியும். எழுப்பும் கதையோ பன்னாள் நெஞ்சில் நின்று நம்மையே வினவிக்கொண்டிருக்கும். தமிழ்ப் படவுலகில் இவ்வேற்றுமையை நன்குணர்ந்து, மருமக்கதை என்னும் எளிய கலத்தில் அரிய பொருளை வைத்து மக்கட்கு அளித்தவருள் தலையாயவர் வீணை எஸ். பாலசந்தர். அவரை வீணை வல்லுநராக அறிந்தார் பலர். படம் இயற்றியவராக அறிந்தார் சிலர். அவ்விருவரும் ஒருவரே என்றறியாதாரும் நம் மாணவருள் உளர். ஆதலின் அன்னார் வரலாற்றைச் சுருங்க எழுதப் புகுந்தோம்.

கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில் புலவர், அருளாளர், நாட்டுத் தொண்டர் ஆகியோர் வரலாறுகள் வருவதே வழக்காயிருக்க, கொலைக்கதைப் படம் எடுத்தவர் வரலாறு இடம்பெறுதல் தகுமோ என நண்பர் சிலர் எம்மை வினவினர். தமிழ் பயில்வார்க்கு இது புதியதொன்றன்று. சிலப்பதிகாரந்தானும் ஒரு களவு வழக்கையும், ஆராயாது விதித்த கொலைத் தண்டத்தையும் நடுவாகக் கொண்டெழுந்த காப்பியமன்றோ? பொற்கொல்லன் ஒருவன் சொல்லை மட்டும் கேட்டு, வேறு சான்று தேடாது, பாண்டியன் விடுத்த ஓர் ஆணையிலேதான் அக்கதை முழுதும் திரும்புகிறது. இரண்டு தாயர் ஒரு குழவிக்கு வழக்காடி நிற்க, வாளைக் கொணர்வித்து உண்மைத் தாயின் உள்ளத்தை வெளிப்படுத்திய சாலொமோன் அரசன் வரலாற்றை நாம் சிறு பிராயத்திலேயே கேட்டிருக்கிறோம். வழக்கின் மருமத்தைக் கொண்டு மக்கள் மனத்தின் மருமத்தைத் திறத்தல் தொன்றுதொட்டு வரும் நெறியே.

பிறப்பும் இளமையும்

பாலசந்தர் 1927-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18-ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். தந்தையார் சுந்தரம் ஐயர், தொழிலால் வழக்கறிஞர், மனத்தால் இசையன்பர். மயிலாப்பூரிலிருந்த அவர் இல்லத்தில் வழக்குக் கட்டுகளோடு தம்புராவும் இருந்தது. தமையனார் எஸ். ராஜம், 1919-ஆம் ஆண்டு பிறந்தவர், பாடகரும் ஓவியருமாய்ப் புகழ்பெற்று 2010-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். கருநாடக இசை மும்மூர்த்திகளைப் பலர் இன்று மனக்கண்ணிற் காணும் வடிவம் அவ்வோவியர் தீட்டியதே. தமக்கையார் ஜெயலட்சுமியும் பாட்டிலும் நடிப்பிலும் வல்லவர்.

1934-ஆம் ஆண்டு மராட்டிய நாட்டுப் பிரபாத் கம்பெனியார் சீதா கலியாணம் என்னும் தமிழ்ப் பேசும்படத்தை எடுத்தபோது, இக்குடும்பத்தார் பலர் அதில் நடித்தனர். ராஜம் இராமராகவும், ஜெயலட்சுமி சீதையாகவும், தந்தையார் சனகராகவும் தோன்றினர். ஏழு வயதுச் சிறுவராகிய பாலசந்தர் இராவணன் அவையில் கஞ்சிரா வாசிக்கும் இசைச் சிறுவராக வந்தார். பாபநாசம் சிவன் இசைத்தொண்டு புரிந்த முதற்படமும் அதுவே. இங்ஙனம் இசையும் படமும் ஒரே வாயிலின் வழியாக அச்சிறுவர் வாழ்வினுட் புகுந்தன.

கஞ்சிராவில் தொடங்கிய கை அதனோடு நிற்கவில்லை. மிருதங்கம், தபலா, ஆர்மோனியம், தில்ருபா, சித்தார் எனக் கிடைத்த கருவியையெல்லாம் எடுத்து முயன்று பழகிற்று. ஆசிரியர் ஒருவர்பால் முறையாக இருந்து கற்றாரல்லர். கேட்டுக் கேட்டும், வாசித்து வாசித்தும், தவறித் தவறியும் தாமே கற்றார். சதுரங்க ஆட்டத்திலும் இளமையிலேயே பெருந்திறம் காட்டினார். எதிரியின் காய் எங்கு நகரும் என்பதைப் பல அடி முன்னரே எண்ணிப் பார்க்கும் அப்பழக்கம், பிற்காலத்திற் கதைப் பின்னலிற் பயன்பட்டது என்று கருதுதல் மிகையாகாது.

வானொலியும் படத்தொழிலும்

சென்னை வானொலி நிலையம் 1938-ஆம் ஆண்டு சூன் 16-ஆம் நாள் தொடங்கப் பெற்றது. பதினைந்து வயதளவிலே பாலசந்தர் அந்நிலையத்தில் இசைக்கலைஞராக அமர்ந்தார். இரண்டாம் உலகப் போர் உச்ச நிலையை அடைந்திருந்த காலம் அது. சப்பானியர் பர்மாவையும் சிங்கப்பூரையும் பற்றிக்கொண்டமையால் சென்னை நகரம் அச்சத்தில் ஆழ்ந்திருந்தது. இரவில் விளக்குகள் மறைக்கப்பட்டன. மக்களிற் பலர் குடும்பத்தோடு உள்நாட்டூர்களுக்குப் பெயர்ந்தனர். 1943-ஆம் ஆண்டு அக்டோபரில் சப்பானிய வானூர்தி ஒன்று சென்னைமீது பறந்து குண்டு வீசிற்று. போர், வானொலி, இருட்டு, ஐயம் ஆகிய இந்நான்கும் அவ்விளைஞர் நினைவில் ஊன்றின என்பதற்கு அவர் பின்னர் எடுத்த படமே சான்று.

சித்தாரிற் கருநாடக இசை வாசித்து வந்தவர், நம் நாட்டு இசையின் கமகங்களை முற்றும் காட்டவல்லது வீணையே என்று தெளிந்து அதனைக் கையிலெடுத்தார். அதற்கும் ஆசிரியரில்லை. அதே காலத்திற் படத்தொழிலும் அவரை ஈர்த்தது. 1948-ஆம் ஆண்டு வெளிவந்த இது நிஜமா என்னும் படத்தில் இரட்டை வேடம் பூண்டார்; இசையும் அமைத்தார். அவ்வாண்டிலேயே என் கணவர் என்னும் படத்தை இயக்கினார். அப்போது அவர்க்கு வயது இருபத்தொன்று. நம்மினும் இரண்டொரு வயதே மூத்தவர் என்றெண்ணும்போது எமக்கு நாணமே உண்டாகிறது. 1951-இற் கைதி என்னும் படத்தை இயக்கியும் நடித்தும் அளித்தார். ஜே. ஆர். ரங்கராஜு எழுதிய துப்பறியும் நவீனத்தினின்று எடுத்த ராஜாம்பாள் என்னும் படத்திற் கொடியவன் வேடம் ஏற்றார்.

ஈண்டு ஒன்று குறிப்பிடல் வேண்டும். தமிழில் துப்பறியும் கதைகள் அக்காலத்திற் பெரிதும் விற்பனையாயின. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் நவீனங்களைப் பெரியோர் கண்ணிற் படாமல் மறைத்து வைத்துப் படித்தார் எத்தனையோ பேர். அவற்றைக் கற்றோர் பலர் இலக்கியமென மதித்திலர். மருமக்கதை என்றாலே கீழ்ப்பட்டது என்னும் எண்ணம் நிலவிய அவ்விடத்திலேதான் பாலசந்தர் தம் பெரும் முயற்சியைத் தொடங்கினார்.

அந்த நாள்

1952-ஆம் ஆண்டு இந்தியாவில் முதன்முறையாக உலகப் படவிழா நடைபெற்றது. அகிரா குரோசவா என்னும் சப்பானிய இயக்குநர் 1950-இல் எடுத்து, அடுத்த ஆண்டு வெனிசு நகர விழாவில் தலைப்பரிசு பெற்ற ராஷோமோன் என்னும் படத்தைப் பாலசந்தர் திரைப்பட விழாவிற் கண்டார். ஒரு காட்டில் நிகழ்ந்த ஒரு கொலையை நால்வர் நால்வகையாகக் கூறுவது அப்படத்தின் அமைப்பு. அதன் கதை அவரைக் கவர்ந்ததினும், கதை சொல்லும் முறையே மிகுதியாகக் கவர்ந்தது. அம்முறையைத் தழுவி, தாம் அறிந்த சென்னையைக் களமாக வைத்து, ஒரு நாடகம் எழுதி வானொலிக்கு விடுத்தார். வானொலியார் அதனை ஏற்றிலர். மனந்தளராது ஏ. வி. எம். நிலையத்துத் தலைவர் ஏ. வி. மெய்யப்பனிடம் கதையைக் கூறினார். அவர் இசைந்தார். ஜாவர் சீதாராமன் உரையாடல் எழுதியதோடு துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார். தலைமை வேடத்திற்கு முதலில் வேறு நடிகரை வைத்துச் சிறிது எடுத்தும், அது நிறைவளிக்காமையால், அப்பகுதியை நீக்கிச் சிவாஜி கணேசனை வைத்து மீண்டும் எடுத்தனர். பராசக்தியால் 1952-இற் பெரும்புகழ் எய்திய அந்நடிகர், படத்தின் தொடக்கத்திலேயே சுடப்பட்டு வீழும் வேடத்தை, அதுவும் நல்லவனல்லாதான் வேடத்தை ஏற்றது துணிவுடைய செயலே. பராசக்தியில் அவரோடு நடித்த பண்டரிபாயே இதில் மனைவி உஷாவாக நடித்தார்.

அந்த நாள் என்னும் அப்படம் 1954-ஆம் ஆண்டு ஏப்பிரல் 13-ஆம் நாள் வெளிவந்தது. அதிற் பாட்டில்லை, நடனமில்லை, சண்டைக் காட்சியில்லை. ஒரு படத்தில் நாற்பது ஐம்பது பாட்டுகள் கேட்டுப் பழகிய தமிழ் மக்களுக்கு இஃதோர் அதிர்ச்சி. இத்துணைக்கும் இயக்குநரோ இசையே உயிராகக் கொண்டவர். இசையறியாதான் பாட்டை விலக்குதல் எளிது. இசைவாணன் ஒருவன், இக்கதைக்கு இது வேண்டா என்று தன் செல்வத்தைத் தானே ஒதுக்கி வைத்தல் அரிது. கலையிற் பற்றுடையார் கற்க வேண்டிய முதற்பாடம் இஃதென எண்ணுகிறோம்.

கதை 1943-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், சென்னைமீது சப்பானியர் குண்டு விழுந்த சமயத்தில் நிகழ்கிறது. வானொலிப் பொறியாளன் ராஜன் தன் வீட்டிற் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். அடுத்த வீட்டுச் சின்னையா பிள்ளை, தம்பி பட்டாபி, தம்பியின் மனைவி ஹேமா, நடனப்பெண் அம்புஜம், மனைவி உஷா ஆகியோர் அதிகாரியின்முன் தத்தம் கதையைக் கூறுகின்றனர். ஒவ்வொருவரும் மற்றொருவரைச் சுட்டுகின்றனர். ஒருவர் கதையில் ராஜன் பொருளாசை பிடித்த தமையன். மற்றொருவர் கதையிற் காதலன். வேறொருவர் கதையில் அன்பில்லாதவன். அவரவர் சொல்லில் வேறு வேறு ராஜன் எழுந்து நடமாடுகிறான். இறுதியில், அவன் பகைநாட்டிற்கு உளவு சொன்னவன் என்பதும், அவனைத் தடுக்கப் போராடிய உஷாவின் கைத்துப்பாக்கியினின்றே குண்டு பாய்ந்தது என்பதும் வெளியாகின்றன.

முதல் வெளியீட்டில் அப்படம் பொருள் ஈட்டவில்லை. மத்திய அரசு அவ்வாண்டுத் தமிழ்ப் படங்களுள் ஒன்றாக அதற்கு நற்சான்றிதழ் வழங்கிய பின்னரே, மீண்டும் திரையிட்டபோது மக்கள் விரும்பிக் கண்டனர். பெரம்பலூர்ப் பக்கத்தில் நம் உறவினர் ஊரிலிருந்த டூரிங் கொட்டகையில் அப்படம் வந்த நாளைப் பற்றி எம் பாட்டனார் இன்றும் கூறுவார். மணலைக் குவித்து மேடாக்கி அமர்ந்திருந்தவர்கள், பாட்டு எப்போது வரும் என்று இடைவேளை வரையிற் காத்திருந்தனராம். இடைவேளைக்குப் பின் சிலர் எழுந்து போயினராம். எஞ்சியிருந்தவரோ படம் முடிந்த பின்னும் வீடு செல்லாமல், உஷா செய்தது சரியா தவறா என்று நெடுநேரம் வழக்காடினராம். பாட்டனார் அன்று சிறுவர். அவர்க்குப் படம் விளங்கவில்லை. ஆயின் பெரியவர்கள் ஒரு படத்தைப் பற்றி அவ்வாறு சொல்லாடியதை அதற்கு முன் அவர் கண்டதில்லையாம்.

படத்தின் உட்பொருள்

அப்படத்தினின்று மூன்று பொருள்களை நாம் உணர்கிறோம். முதலாவது, சான்று கூறுவோன் நிகழ்ந்ததோடு தன்னையும் சேர்த்தே கூறுகிறான் என்பது. பொய் சொல்ல வேண்டும் என்று எண்ணாமலே ஒருவன் பொய்ச்சான்று ஆகலாம். பொறாமையுடையான் கண்ணிற்குப் பொறாமையே தெரியும். கடன்பட்டான் கண்ணிற்குப் பணமே தெரியும்.

இதனை நாம் படத்திற் கண்டு கற்கவில்லை, பட்டுக் கற்றோம். பள்ளியில் விடுதி மாணவராயிருந்த காலத்தில் அறையில் ஒரு கைக்கடிகாரம் காணாமற் போயிற்று. எமக்குச் சிறிதும் பிடிக்காத மாணவன் ஒருவன் அன்று மாலை அவ்வறைப் பக்கம் வந்ததை நாம் கண்டிருந்தோம். வந்ததைக் கண்டது மெய், எடுத்ததைக் கண்டோமல்லேம். ஆயினும் மேற்பார்வையாளர் வினவியபோது, வந்ததைச் சொன்ன எம் குரலிலேயே எடுத்ததும் அடங்கியிருந்தது. மூன்று நாள் அவனோடு ஒருவரும் ஒரே பலகையில் அமர்ந்து உண்ணவில்லை. நான்காம் நாள் கடிகாரம், உடையவன் பாயைச் சுருட்டி வைத்த மடிப்பிலிருந்தே கிடைத்தது. நாம் சொன்னவற்றுள் ஒரு சொல்லும் பொய்யன்று. ஆயினும் முழுதும் பொய். அம்மாணவன் ஆண்டிறுதியில் வேறு பள்ளிக்குச் சென்றுவிட்டான். மன்னிப்புக் கேட்க எண்ணி எண்ணி நாட்கடத்தினோம், வாய்ப்புத் தவறிப்போயிற்று. சில ஆண்டுகள் கழித்து அந்த நாள் படத்தை முதன்முறை கண்டபோது, சின்னையா பிள்ளை உறுதியாகப் பேசும் காட்சியில் எம் குரலையே கேட்டோம்.

இரண்டாவது, ராஜனின் வீழ்ச்சி. அவன் பிறவிக் கொடியவனல்லன். அறிவும் திறமும் உடையவன். தன் கல்வியையும் கண்டுபிடிப்பையும் நாடு மதிக்கவில்லை என்ற மனக்கசப்பே அவனைப் பகைவரிடம் கொண்டு சேர்த்தது. கல்லூரி மாணவராகிய நமக்கு இஃது உற்றுணரத் தக்கது. பட்டம் பெற்றும் வேலை பெறாது வருந்துவார் பலருள்ள நாட்டில், மதிக்கப்படாத அறிவு எத்திசையிற் பாயும் என்பது கற்பனை வினாவன்று. படம் அவன் செயலை ஒப்பவில்லை. அவன் கசப்பையோ மறைக்கவும் இல்லை.

மூன்றாவது, உஷாவின் நிலை. கண்ணகி கணவனுக்காக அரசனிடம் நீதி கேட்டாள். உஷாவோ நாட்டிற்காகக் கணவனையே எதிர்த்து நின்றாள். ஒருத்திக்கு அன்பும் அறமும் ஒரே வழியில் நின்றன. மற்றொருத்திக்கு அவை இரு வழியாய்ப் பிரிந்தன. கண்ணகிக்குக் கோயில் எழுந்தது. உஷாவிற்கு எஞ்சியது அதிகாரியின் முன் சொல்ல வேண்டிய வாக்குமூலமே. எது அறம் என்று படம் நமக்குச் சொல்லித் தரவில்லை. அன்று கொட்டகை வாயிலில் நின்று வழக்காடிய பெரியவர்களைப் போல நாமும் வழக்காட வேண்டும் என்றே விட்டுச்செல்கிறது.

மேனாட்டிலும் இந்நெறியில் நின்றார் ஒருவர் உளர். ஆங்கில இயக்குநர் ஆல்பிரடு இட்சுகாக் (1899–1980) இலண்டன் நகரில் ஏசு சபையார் பள்ளியிற் பயின்றவர். அவர் 1953-இல் எடுத்த படமொன்றில், கொலைஞன் ஒருவன் பாவசங்கீர்த்தனத்தில் தன் குற்றத்தைக் குருவானவரிடம் அறிக்கையிடுகிறான். பின்னர் அக்குருவானவர் மேலேயே கொலைப்பழி விழுகிறது. உண்மையை அறிந்தும் அவர் வாய் திறக்கலாகாது. கொன்றவன் யார் என்பதைத் தொடக்கத்திலேயே நமக்குக் காட்டிவிட்டு, கடமையின் பொருட்டு ஒருவன் எவ்வளவு தாங்குவான் என்பதையே படம் முழுதும் வினவுகிறார். அவரும் பாலசந்தரும் ஏறக்குறைய ஒரே காலத்தில், வெவ்வேறு நாட்டில், மருமக்கதையை மனச்சாட்சியின் கதையாக்கினர் என்பது வியப்பிற்குரியது.

எம் மாவட்டத்தின் ஒரு நாள்

இவ்விடத்து எம் ஊரின் ஒரு நாளையும் நினைவுகூர விரும்புகிறோம். படம் வெளிவந்து இரண்டரை ஆண்டு கழித்து, 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலம் வெள்ளத்திற் சிதைந்திருக்க, சென்னையினின்று தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கணக்கிற்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளைப் பற்றி எம் பாட்டனார் ஒருவகையாகவும், பாட்டியார் ஒருவகையாகவும், அடுத்த தெருப் பெரியவர் மற்றொரு வகையாகவும் கூறுவர். மழை எப்போது விட்டது, செய்தி முதலில் யார் வாயிலாக வந்தது, யார் யார் ஆற்றங்கரைக்கு ஓடினர் என்பவற்றில் மூவரும் ஒன்றுபடார். தாம் நின்ற இடத்தினின்றே ஒவ்வொருவரும் அவ்வாற்றைக் கண்டனர். ஒருவர் சொல்லையும் நாம் பொய்யென்று கருதவில்லை; மூன்றையும் சேர்த்துக் கேட்டபின்னரே அந்நாளின் துயரம் எமக்கு ஒருவாறு விளங்கிற்று.

அந்நாளைக்கு மற்றொரு பொருளும் உண்டு. அப்போது இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி, பாலத்தைத் தாம் உடைத்தாரல்லர். வண்டியைத் தாம் ஓட்டினாரல்லர். ஆயினும் பொறுப்பு எனதென்று பதவியைத் துறந்தார். அந்த நாள் படத்தில் ஐவரும் பழியைப் பிறர்மேல் தள்ளுகின்றனர். அரியலூர்த் துயரில் ஒருவர் பழியைத் தம்மேல் எடுத்துக்கொண்டார். யார் செய்தார் என்ற வினாவோடு நில்லாது, யார் பொறுப்பேற்பார் என்று வினவும்போதே மருமக்கதை அறநூலாகிறது.

பிற்காலப் படங்கள்

பாலசந்தர் பின்னரும் அவ்வழியினின்று விலகவில்லை. அவனா இவன் (1962), பொம்மை (1964), நடு இரவில் (1970) ஆகியவற்றைத் தாமே இயக்கினார். பொம்மை என்னும் படத்தில், ஒருவனைக் கொல்லும் பொருட்டு வெடிகுண்டு வைக்கப்பட்ட விளையாட்டுப் பொம்மை ஒன்று கைமாறிக் கைமாறி நகரெங்கும் உலவுகிறது. ஒருவன் மனத்திற் பிறந்த தீமை, அதனை அறியாத எளியோர் கைகளினூடே எப்படிச் செல்கிறது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது. கே. ஜே. யேசுதாஸ் தமிழ்ப் படத்திற்கு முதன்முதற் பாடியது இப்படத்திலேயே. படத்தின் முடிவில், திரைக்குப் பின்னின்று உழைத்த தொழிலாளர் யாவரையும் பாலசந்தர் மக்கள்முன் நிறுத்தி அறிமுகம் செய்வித்தார். பெயரோடு நில்லாது முகத்தையும் காட்டிய அப்பெருந்தன்மை அக்காலத்தில் அரிது. நடு இரவில் என்னும் படம் அகதா கிறிஸ்டி 1939-இல் எழுதிய நவீனத்தின் அமைப்பைத் தழுவியது. தனித்த மாளிகையொன்றில், செல்வத்தின்மேற் கண்வைத்துக் கூடிய சுற்றத்தார் ஒருவர்பின் ஒருவராய் மாள்கின்றனர். அங்கு இருட்டினும் அச்சம் தருவது அவர்கள் பேராசையே.

வீணை

இதன்பின் அவர் படத்தொழிலை விட்டொழித்தார். புகழும் பொருளும் தரும் துறையை விட்டு, நாள்தோறும் பல மணி நேரம் தனியே அமர்ந்து பழக வேண்டிய வீணைக்கே தம்மை முழுதும் கொடுத்தார். ஒரே மெட்டில் தந்தியை இழுத்துப் பல சுரங்களை அதில் எழுப்பி, வாய்ப்பாட்டிற்குரிய குழைவை வீணையில் வருவித்தார். வெளிநாடுகள் பலவற்றிலும் வாசித்து, வீணையின் பெயரை அறியாதார்க்கும் அதன் ஒலியை அறிவித்தார். 1982-ஆம் ஆண்டு இந்திய அரசு அவர்க்குப் பத்மபூஷண் விருது வழங்கிற்று.

அன்னாரிடத்துக் குறையே இல்லை என்று கூறின், சான்று பற்றி இதுகாறும் எழுதிய நாமே பொய்ச்சான்று ஆவோம். அவர் கருத்து வேற்றுமையில் விட்டுக்கொடாதவர். தமக்குச் சரியெனப் பட்டதைக் கடுஞ்சொல்லால் எழுதவும் அஞ்சாதவர். புதிய இராகங்களைப் படைத்ததாக மற்றொரு பெருங்கலைஞர் கூறியதை வன்மையாக எதிர்த்தார். சுவாதித் திருநாள் மகாராசர் பெயரில் வழங்கும் கீர்த்தனைகள் உண்மையில் அவர் இயற்றியனவா என்று 1980-களில் ஐயம் எழுப்பினார். அறிஞர் பலர் அதனை மறுத்தனர். பலர் மனம் புண்பட்டனர். அவர் கருத்தை நாம் ஏற்கவேண்டுவதில்லை. ஆயினும், சான்று எங்கே என்று வினவும் அக்குணமே முன்னர்ப் படமாகவும், பின்னர் வழக்காகவும் வெளிப்பட்டது என்பது தெளிவு. ஒருவர் சிறப்பும் குறையும் ஒரே வேரினின்று கிளைத்தல் உலகத்து இயல்பு.

1990-ஆம் ஆண்டு, அந்நாளில் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்திருந்த பிலாய் நகருக்குச் சென்றிருந்தபோது, ஏப்பிரல் 13-ஆம் நாள், தம் அறுபத்து மூன்றாம் வயதிற் காலமானார். அந்த நாள் வெளிவந்ததும் ஏப்பிரல் 13-ஆம் நாளே. இடைப்பட்டவை சரியாக முப்பத்தாறு ஆண்டுகள். அவர் எழுதிய கதையொன்றில் இவ்வொற்றுமை வந்திருப்பின், நம்பத்தகாதது என்று நாம் சொல்லியிருப்போம்.

முடிவுரை

விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும்போதெல்லாம் எம் வண்டி மருதையாற்றுப் பாலத்தைக் கடக்கிறது. கோடையில் அங்கு நீரில்லை, மணலே கிடக்கிறது. பெட்டியிலிருப்போர் பேச்சை நிறுத்துவதுமில்லை. பலர்க்கு அவ்விடத்தின் வரலாறு தெரியாது. நாம் மட்டும் சாளரத்தின் வழியே கீழே நோக்குவோம். ஒரு நாளில் நிகழ்ந்ததைப் பலர் பலவாறு கூறலாம். அவற்றையெல்லாம் பொறுமையோடு கேட்பவனுக்கே உண்மை சிறிது முகங்காட்டும் என்னும் எண்ணம் அப்போது எழும். பழைய பள்ளித்தோழன் ஒருவனுக்கு எழுதவேண்டிய கடிதமும் உடன் நினைவிற்கு வரும். இக்கட்டுரைக்காக அவன் முகவரியைத் தேடத் தொடங்கிச் சென்ற திங்களிலே பெற்றுவிட்டோம். மலர் அச்சேறுமுன் கடிதம் சென்றுவிடும்.

மருமக்கதையைப் பொழுதுபோக்கென்று தள்ளுவாரும், அதில் மூழ்கிப் பொழுதழிப்பாரும் நம்மிடையே உளர். இருவர்க்கும் ஏற்றவர் பாலசந்தர். கதையின் கட்டுக்கோப்பிற் சிறிதும் தளராமல், அக்கட்டுக்கோப்பினுள்ளேயே மனிதர்தம் பொறாமையையும், ஆசையையும், கசப்பையும், கடமையையும் வைத்து நமக்குக் காட்டினார். அவர் படத்தைக் காணாதவர் ஒருமுறை காண்க. கண்டவர், அடுத்தமுறை பிறரைக் குறித்துச் சான்று சொல்லுமுன் ஒரு கணம் நிற்க. அவ்வொரு கணமே அன்னார் நமக்கு விட்டுச்சென்ற செல்வமாகும்.